சென்னை – டொராண்டோ: அம்மாவுக்கு எந்த வழி நல்லது?

அம்மா ஜனவரியில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குத் தனியாக வருகிறார். வயது 71, முழங்கால் வலி உண்டு. நேரடி விமானம் கிடையாது. தூரம் காட்டும் தளங்கள் சுமார் 13,400 கி.மீ. என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஏஜென்ட்டிடம் கேட்டால் விலையை மட்டும்தான் பேசுகிறார்.

நானே கணக்குப் போட்டதில் இரண்டு வழிகள் மிச்சம். துபாய் வழி என்றால் முதலில் நாலு மணி நேரம், அப்புறம் ஒரே மூச்சில் 11,000 கி.மீ., ஏறக்குறைய 14 மணி நேரம். லண்டன் வழி என்றால் 11, பிறகு 8. மொத்தத் தூரம் இரண்டிலும் கிட்டத்தட்ட 14,000 கி.மீ.தான். சக்கர நாற்காலி கேட்டாயிற்று. ஆனால் கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலே செருப்பு வார் பதியும் அளவுக்கு அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும், அதுதான் பயம்.

பெரியவர்களை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: கால் வீக்கம் உள்ளவருக்கு இந்த இரண்டில் எது தாங்கும்?