கஜா புயல் முடிந்த மூன்றாம் நாள் பார்த்தது

பேராவூரணிப் பையன்:
கஜா அடித்த 2018 நவம்பர் 16 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோப்பில் 110 தென்னை, மிஞ்சியது ஒன்பது. அப்பா திண்ணையிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் பெரியப்பா தோப்புக்குப் போனேன். சாய்ந்து கிடந்த மட்டைகளுக்குள் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். “தேங்காயா பொறுக்குறீங்க?” என்றேன். பதில் இல்லை. ஒரு நெற்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் களக்கென்றது. “இது முளைக்கும்டா” என்று தனியாக வைத்தார். அவருக்கு அப்போது வயது 71. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாவது ஆகும். அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

மீனா:
மனசு வைத்தால் போதும் என்று மட்டும் இதை முடித்துவிடாதீர்கள். மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்றும் கூலியும் அதற்குள்ளேயே. முப்பது வருஷ மரத்துக்கு! என் சித்தப்பா நம்பிக்கை இல்லாதவர் இல்லை, கடன்பட்டவர். திருப்பூருக்குப் பஸ் ஏறினார். ஏறும்போதும் “அந்த ரெண்டு தென்னங்கன்னுக்கும் தண்ணி ஊத்தும்மா” என்றுதான் சொன்னார்.

ஒரத்தநாட்டு விவசாயி:
எங்கள் தோப்பும் போனது. எட்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, பக்கத்துத் தோப்புக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சரி, கன்று வைத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விழுந்த மரத்தைத் தோப்பிலேயே மட்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், அப்புறம் இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். விரிகிற மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் அதன் வேலைதான். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்து மட்டைகளின் இடுக்கில் போடுங்கள். இடைவெளி 25 அடிக்குக் குறைய வேண்டாம். காய்ப்பு வரும்வரை நடுவில் உளுந்தோ வாழையோ போட்டால் கைச்செலவுக்கு ஆகும்.

பேராவூரணிப் பையன்:
மீனா அக்கா, நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. பெரியப்பாவுக்கும் கடன் இருந்தது, ராத்திரியில் அவர் அழுததைப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். பொறுக்கிய நெற்றுகளை மணலில் பதித்து வைத்தார், பாதிதான் முளைத்தது. சித்திரையில் ஆறு கன்றை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.