5,500 பவுண்டு டிரெய்லர் இழுக்க மிட்-சைஸ் பிக்கப் போதுமா, ஃபுல்-சைஸ்தான் வேண்டுமா?

ரவுண்ட்ராக்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் ஒரு சியன்னா மினிவேன், ஒரு பழைய செடான். செடானைக் கொடுத்துவிட்டு பிக்கப் வாங்கப் போகிறோம். அது மட்டும் முடிவாகிவிட்டது. எந்த அளவு என்பதில்தான் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு.

முக்கியக் காரணம் டிரெய்லர். 22 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். காலியாக 4,300 பவுண்டு, சாமான்கள் ஏற்றி அதிகபட்சம் 5,500. இங்க்ஸ் லேக், கார்னர் ஸ்டேட் பார்க் என்று பக்கத்து ஊர்களுக்குப் போவோம். ஒரு தடவையாவது மேற்கு டெக்சஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. அப்புறம் எனக்கு மரவேலை உண்டு, ப்ளைவுட் வாங்கி வர வேண்டியிருக்கும். அக்டோபரில் கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஐந்து மாதம் இருப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி.

என் மனம் டகோமா அல்லது கொலராடோ என்ற மிட்-சைஸ் பிக்கப் பக்கம் சாய்கிறது. கராஜ் 20 அடி ஆழம்தான். மனைவியும் ஓட்டுவார், மளிகைக்கடை பார்க்கிங்கில் திருப்ப வேண்டும். டீலரிடம் கேட்டால், "டகோமா 6,500 பவுண்டு இழுக்கும், உங்கள் டிரெய்லர் 5,500, தாராளம்" என்கிறார். அலுவலக நண்பர் ஃபுல்-சைஸான ஃபோர்ட் எஃப்-150-க்குக் குறைந்து எதையும் வாங்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

மலைப்பாதை:

டீலர் சொன்ன கணக்கில் பொய் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இழுவைத் திறனை அல்ல, பேலோடை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் அந்த வண்டியின் பேலோட். டிரெய்லரின் நாக்கு எடை, அதாவது ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையும் இதற்குள்தான் வரும். டிராவல் டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

உங்கள் டிரெய்லர் கேம்பிங் சாமான்களோடு 5,200 பவுண்டு என்று வைப்போம். 13 சதவீதம் என்றால் நாக்கு எடை கிட்டத்தட்ட 680. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (நாக்கு எடையை மற்ற அச்சுகளுக்கும் பகிர்ந்து தரும் கொக்கி) ஒரு 90. நீங்கள் நால்வரும் ஒரு 440. பின்தொட்டியில் ஐஸ்பெட்டி, ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்கள் ஒரு 200. கூட்டினால் 1,410 பவுண்டு. நாலு கதவு, நாலு சக்கர இயக்கம் உள்ள பல மிட்-சைஸ் பிக்கப்களில் ஸ்டிக்கர் 1,100 முதல் 1,300-க்குள்தான் இருக்கும். டிரெய்லர் எடை 6,500-க்கு வெகு கீழே இருக்கும்போதே வண்டி நிரம்பி வழிந்துவிடுகிறது.

இன்னொன்று. அந்த 6,500 எப்படி வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் அருகே 11.4 மைல் ஏற்றத்தில், ஏசி முழுதாக ஓடிக்கொண்டிருக்க, 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனை, மதிக்கிறேன். ஆனால் வண்டிக்குள் 150 பவுண்டு வீதம் இரண்டு பேர் மட்டும் என்று வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். பிள்ளைகள் இல்லை, விறகு இல்லை, சைக்கிள் இல்லை.

இணையத்தில் தேடாதீர்கள். ஒரே மாடலிலேயே வண்டிக்கு வண்டி எண் மாறும். டீலரிடம் நேரில் போய், நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்.

சின்னவண்டிபிரியன்:

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆனால் விடையை மாற்ற இன்னொரு வழி இருக்கிறது: டிரெய்லரைச் சிறிதாக்குங்கள். 3,500 பவுண்டுக்குள் வரும் 16, 17 அடி டிரெய்லர்கள் உண்டு. அப்போது நாக்கு எடை 400, 450-தான் வரும், பல மிட்-சைஸ் வண்டிகள் இழுக்கும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இந்த வண்டியில் தனியாக வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள். ஆஸ்டினின் மோபாக் நெடுஞ்சாலை நெரிசலிலும் பல மாடி பார்க்கிங்கிலும் ஒன்றரை அடி நீளம் குறைவது தினமும் கிடைக்கிற நிம்மதி.

நம்மூரில் ஃபோர்ட் என்டெவர் ஓட்டியவர் என்றால் ஃபோர்டின் மிட்-சைஸ் பிக்கப்பான ரேஞ்சரின் அளவு உடனே கைக்கு வந்துவிடும், இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான். என் மனைவிக்கு அது பெரிய தைரியம் கொடுத்தது.

பிக் பெண்ட் பற்றியும் ஒரு விஷயம். அங்கே சிசோஸ் பேசின் போகும் மலைச்சாலையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் வேண்டாம் என்றே பூங்காத் துறை சொல்கிறது. வளைவுகள் அப்படி. 22 அடி என்றால் கீழே ரியோ கிராண்ட் வில்லேஜ் போன்ற இடத்தில்தான் தங்க வேண்டும்.

மலைப்பாதை:

சின்ன டிரெய்லர் யோசனை நியாயமானதுதான். வாங்குவதற்கு முன்பு பிள்ளைகளோடு உள்ளே ஏறி, மழை நாளில் நாலு பேர் எங்கே உட்காருவோம் என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

மேற்கு டெக்சஸ் போவதாக இருந்தால் காற்றையும் மறக்க வேண்டாம். 8 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். ஐ-10 நெடுஞ்சாலையில் 80 மைல் வேக எல்லை இருக்கும். பல டிரெய்லர் டயர்கள் 65 மைலுக்கே தரப்பட்டவை, அதனால் டயர் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்தில் பதினெட்டுச் சக்கர லாரி கடக்கும்போது கனமான வண்டி, நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) இரண்டும் கொடுக்கிற உறுதியை எந்தத் துணைக்கருவியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

ரவுண்ட்ராக்வாசி:

மிகவும் நன்றி. சனிக்கிழமை போய்க் கதவு கதவாகத் திறந்து பார்த்தேன்.

டகோமா டபுள் கேப், நாலு சக்கர இயக்கம்: 1,150.
எஃப்-150 எக்ஸ்எல்டி (நடுத்தர ரகம்), சூப்பர்க்ரூ (நாலு கதவு), 2.7 லிட்டர் இன்ஜின், நாலு சக்கர இயக்கம்: 1,680.
அதே எஃப்-150, பிளாட்டினம் (மேல் ரகம்), ஹைப்ரிட்: 1,370.

மூன்றாவது எண்தான் புரியவில்லை. விலை கூடுதல், இன்ஜினும் பெரிது. பேலோட் ஏன் குறைகிறது? டீலர் இதற்குப் பதில் சொல்லவில்லை.

மலைப்பாதை:

சேஸி தாங்கும் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. கண்ணாடிக் கூரை, மின்சார சீட்டுகள், பெரிய சக்கரங்கள், ஹைப்ரிட் பேட்டரி என்று வண்டியின் சொந்த எடை ஏற ஏற, உங்களுக்கு மிஞ்சுவது குறைகிறது. 1,410 தேவைப்படும் உங்களுக்கு 1,370 உள்ள பிளாட்டினம் போதாது. அதைவிட விலை குறைந்த எக்ஸ்எல்டி தாராளமாகப் போதும். குடும்பத்தோடு டிரெய்லர் இழுப்பவர் மேல் ரகத்துக்குப் போவதற்கு முன் ஸ்டிக்கரைப் பார்த்தே தீர வேண்டும்.

பலகைவேலை:

நான் ப்ளைவுட் பற்றி மட்டும் சொல்கிறேன். 4 அடிக்கு 8 அடி பலகை, அகலம் 48 அங்குலம். ஃபுல்-சைஸ் தொட்டியில் இரண்டு பக்கச் சக்கரங்களை மூடும் வளைவுகளுக்கு நடுவே 50 அங்குலத்தை ஒட்டி இடம் இருக்கும், பலகை தரையில் படுத்துவிடும். பல மிட்-சைஸ்களில் 44, 45 அங்குலம்தான். அவற்றில் வளைவுகளின் மேல் குறுக்கே கட்டைகள் வைத்து அதன்மேல்தான் அடுக்க வேண்டும். முடியாது என்றில்லை, பலர் செய்கிறார்கள். மேலே ஏற்றுவதால் கட்டுவதில் கவனம் வேண்டும். ஹோண்டா ரிட்ஜ்லைன் ஒரு விதிவிலக்கு, அதில் பலகை படுக்கும். ஆனால் அது இழுப்பது 5,000 பவுண்டுவரை, உங்கள் டிரெய்லருக்கு ஆகாது.

தொட்டி நீளத்தில் ஆசைப்பட வேண்டாம். கராஜ் 20 அடி என்றால் 240 அங்குலம். 5.5 அடி தொட்டியுள்ள சூப்பர்க்ரூ ஏறக்குறைய 232 அங்குலம், முட்டி நிற்கும், ஆனால் நிற்கும். 6.5 அடி தொட்டி என்றால் 243-க்கு மேல் போய்விடும், கதவு மூடாது. உள்சுவரில் அலமாரியோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்னவண்டிபிரியன்:

மைலேஜும் கேட்பீர்கள். சும்மா ஓட்டும்போது டகோமா, 2.7 எஃப்-150 இரண்டும் கேலனுக்கு 20 மைலை ஒட்டித்தான். டிரெய்லர் மாட்டினால் இரண்டுமே 10 பக்கம் இறங்கும். மிட்-சைஸை விரும்புகிறவன் நான், ஆனாலும் பெட்ரோல் மிச்சம் என்பதற்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். டயர் விலை, பார்க்கிங், ஓட்டும் சுகம், இவைதான் காரணங்கள்.

ரவுண்ட்ராக்வாசி:

மனைவி எக்ஸ்எல்டியை ஓட்டிப் பார்த்தார். கேமராக்கள் இருப்பதால் பயந்த அளவுக்கு இல்லை என்கிறார். பின்சீட்டில் நான் உட்கார்ந்து பார்த்தேன், டகோமாவில் முழங்கால் முன்சீட்டில் இடித்தது, இதில் கால் நீட்ட முடிகிறது.

மீதி இருப்பது அப்பா அம்மா விஷயம். முன்பக்கம் பெஞ்ச் சீட் வைத்த எக்ஸ்எல்டியில் ஆறு பேர் உட்காரலாமாம். எல்லோரும் ஒரே வண்டியில் கேம்பிங் போகலாமா?

கொல்லிமலை:

என் மாமியார் இங்கே வந்திருந்தபோது இதே பிரச்சினை. உயரத்தைத்தான் முதலில் யோசியுங்கள். ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் படி) கட்டாயம், அதிலும் தட்டையான, அகலமான பலகை மாதிரி உள்ளது. குழாய் மாதிரி உருண்டையாக இருப்பதில் ஈரச் செருப்போடு கால் வழுக்கும். ஏறும் பக்கம் தூணில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் ஏறுவார்கள். வழக்கமான கோயில், டாக்டர் பயணங்களுக்கெல்லாம் அம்மாவை சியன்னாவிலேயே கூட்டிப் போங்கள், அதன் தரை தாழ்வு.

மலைப்பாதை:

ஆறு பேர் கணக்கு: அப்பாவும் அம்மாவும் ஒரு 280 பவுண்டு. 1,410 + 280 = 1,690. ஸ்டிக்கர் 1,680. பத்து பவுண்டுதானே என்று விடாதீர்கள், ஏனென்றால் மற்ற எடைகளெல்லாம் நம் உத்தேசம்.

இரண்டு வழிகள் உண்டு. தொட்டியில் உள்ள 200 பவுண்டு சாமான்களை டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே வைத்தால், வண்டிமேல் விழும் பங்கு வெகுவாகக் குறையும். டிரெய்லர் 5,400 ஆகும், 5,500 எல்லைக்குள்தான். அப்படிச் செய்தால் தண்ணீர்த் தொட்டியை வீட்டில் நிரப்பக் கூடாது. 40 கேலன் தண்ணீர் என்றால் 334 பவுண்டு. கேம்ப் இடத்தில் குழாய் இருக்கும், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: மனைவி சியன்னாவில் அப்பா அம்மாவோடு பின்னால் வரட்டும். அம்மாவுக்கு ஏறி இறங்கும் சிரமமும் இல்லை, கேம்ப் போட்ட பிறகு ஊர் சுற்ற இன்னொரு வண்டியும் கையில்.

ரவுண்ட்ராக்வாசி:

சியன்னா யோசனை வீட்டில் ஒரே குரலில் ஏற்கப்பட்டது. எக்ஸ்எல்டி, 5.5 அடி தொட்டி, அகலமான ரன்னிங் போர்டு என்று முடிவு. கராஜ் அலமாரியை இந்த வாரமே இடம் மாற்றுகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மலைப்பாதை:

டோ பேக்கேஜ் (டிரெய்லர் இழுப்பதற்கான கருவிகளின் தொகுப்பு) தொழிற்சாலையிலேயே போட்டதா என்று பாருங்கள். ஹிட்ச் மட்டும் இருந்தால் போதாது. டிரெய்லருக்கான ஏழு முனை (7-pin) மின் இணைப்பும், டாஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரும் இருக்க வேண்டும். பக்கக் கண்ணாடி டிரெய்லர் ஓரத்தைத் தாண்டித் தெரிகிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் நீட்டிப்புக் கண்ணாடி வாங்க வேண்டும்.

முதல் கேம்பிங் புறப்படும் அன்று, எல்லோரும் ஏறி, எல்லாம் ஏற்றிய நிலையில், ஐ-35 நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற லாரி எடை மேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். பின் அச்சு எண்ணைக் கதவில் உள்ள பின் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் அங்கேயே தொட்டியிலிருந்து சாமான்களை எடுத்து சியன்னாவுக்கு மாற்றிவிடலாம்.