கம்பஸ் மின்னஞ்சலை வீட்டுப் போனில் போடலாமா? "எல்லாத் தரவையும் அழி" என்று அனுமதி கேட்கிறது

ஆரையம்பதிப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நான் முதலாம் வருடம். கம்பஸில் தந்த மின்னஞ்சலைப் போனில் போட முடியாமல் நிற்கிறேன். குரோமில் திறந்தால் ஒழுங்காக உள்ளே போகிறது. அதே முகவரி, அதே பாஸ்வேர்ட். போனோடு வந்த மின்னஞ்சல் செயலியில் போட்டால் மட்டும் "பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

போன் ஒரு பழைய சாம்சங். வீட்டில் இருப்பது இந்த ஒரு போன்தான். அம்மாவுக்கு வங்கி மெசேஜ் வருவதும் இதில், தம்பியின் வகுப்பு வாட்ஸ்அப் குறூப்பும் இதில். அப்பா காலமான பிறகு அவருடைய படங்களும் அவர் அனுப்பின குரல் பதிவுகளும் இதற்குள்தான் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை.

ஊரில் ஒரு கொமினிகேஷன் கடையில் காட்டினேன். கடைப் பொடியன் பாஸ்வேர்ட்டைக் கேட்டு வாங்கி அடித்து, "எக்ஸ்சேஞ்ச்" என்பதைத் தெரிவு செய்தான். உடனே "சாதன நிர்வாகியைச் செயல்படுத்தவா?" என்று ஒரு பக்கம் வந்தது. அதில் முதல் வரியே "எல்லாத் தரவையும் அழி". எல்லாருக்கும் இப்படித்தான் வரும், அமத்துங்க என்றான். எனக்கு மனம் வரவில்லை. போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒப்படைத் திகதி மாறினாலும் விரிவுரை இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில்தான் அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குரோமில் போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமாக இல்லை. அந்த அனுமதியைக் கொடுக்கலாமா? கொடுக்காமல் வேறு வழி இருக்கிறதா?

செங்கலடி

தங்கச்சி, இவ்வளவு பாடு எதற்கு? கம்பஸ் மின்னஞ்சலுக்கு வருகிறதெல்லாம் உங்கள் சொந்த ஜிமெயிலுக்குத் தானாக வருகிற மாதிரி ஃபோவேர்ட் போட்டுவிடுங்கள். ஜிமெயில் எப்படியும் போனில் இருக்கும்தானே. இல்லாவிட்டால் பொப் முறையில் இறக்குங்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

கல்லடி டீச்சர்

மகள், அந்த அனுமதியைக் கொடுக்காமல் வந்தது நல்ல வேலை. கணினி கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அப்பாவின் படங்கள். மின்னஞ்சல் வேலையைத் தொடுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். படங்களைக் கூகுள் போட்டோஸில் ஏற்றலாம். 15 ஜிபி வரை காசில்லை, ஆனால் அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். குரல் பதிவுகள் அதில் ஏறாது. படமும் வீடியோவும் மட்டும்தான் போட்டோஸ் எடுக்கும். நிறையப் பேர் எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அப்பாவின் குரல் பதிவை அழுத்திப் பிடியுங்கள், பகிர் என்று வரும், அதில் டிரைவைத் தெரிவு செய்து சேமியுங்கள். பிறகு டிரைவுக்குள் போய் ஒன்றைத் திறந்து, குரல் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு மெமரி கார்ட்டிலோ உறவுக்காரர் ஒருவரின் கணினியிலோ இன்னொரு பிரதியும் இருந்தால் நல்லது.

அடுத்தது பாஸ்வேர்ட். கடையில் அடித்த பாஸ்வேர்ட்டை இன்றைக்கே மாற்றுங்கள். அந்தப் பிள்ளை கெட்டவன் என்று சொல்லவில்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அதே மேசையில் அதே வேலையைச் செய்கிறவன், எது எங்கே பதிந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. பெறுபேறு, பதிவு, விண்ணப்பம் எல்லாம் இந்த ஒரு கணக்கோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதன் பாஸ்வேர்ட் உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஸ்வேர்ட் பிழை இல்லை. பழைய மின்னஞ்சல் செயலிகள் உங்கள் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் அப்படியே சேவருக்கு, அதாவது அஞ்சலை வைத்திருக்கிற கணினிக்கு, அனுப்பி உள்ளே போகிறவை. யாராவது பாஸ்வேர்ட்டைத் திருடினால் அவரும் அதே வழியில் போகலாம், இரண்டாவது கோட் எதுவும் கேட்காது. அதனால் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். கூகுள் சொந்தக் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் அடைத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனக் கணக்குகளுக்கு 2022 ஒக்டோபர் 1 முதல் படிப்படியாக அடைக்கத் தொடங்கியது. பூட்டை மாற்றிய கதவில் பழைய சாவியைப் போட்டு எத்தனை தரம் திருகினாலும் திறக்காதுதானே. அதோடு, திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கே கொஞ்ச நேரத்துக்குப் பூட்டுப்பட்டுப் போகும்.

புதிய முறையில், செயலி உங்களை மைக்ரோசொப்டின் அல்லது கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். பாஸ்வேர்ட்டை அங்கேதான் அடிப்பீர்கள். செயலியின் கைக்குப் பாஸ்வேர்ட் போகாது, ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் போகும். ஆகவே உங்கள் கம்பஸ் மின்னஞ்சலுக்குப் பின்னால் இருப்பது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். குரோமில் புதிதாக உள்நுழையும்போது பாஸ்வேர்ட் கேட்கிற பக்கத்தைப் பாருங்கள். மைக்ரோசொப்ட் பக்கம் என்றால் பிளே ஸ்டோரில் அவுட்லுக் செயலியை இறக்குங்கள். பெயருக்குக் கீழே மைக்ரோசொப்ட் கோப்பரேஷன் என்று இருக்க வேண்டும், வேறு பெயர் இருந்தால் தொடாதீர்கள். கூகுள் பக்கம் என்றால் புதிதாக எதுவும் தேவையில்லை. இருக்கிற ஜிமெயில் செயலியில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, மற்றொரு கணக்கைச் சேர் என்பதில் "கூகுள்" என்பதையே தெரிவு செய்யுங்கள். முகவரி டொட் ஏசி டொட் எல்கே என்று முடிவதால் "மற்றவை" என்பதைத் தொட்டுவிட்டுத்தான் பல பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

இரண்டும் இல்லாமல் கம்பஸ் தன் சொந்தச் சேவரில் நடத்தினால்தான் "மற்றவை". அப்போது சேவரின் பெயரைக் கணினி மையத்தில் கேட்க வேண்டும். வருகிற அஞ்சலுக்கு ஐமேப், அதாவது அஞ்சலைச் சேவரிலேயே வைத்துக்கொண்டு போனில் பார்க்கிற முறை. அதன் போர்ட் இலக்கம் வழக்கமாக 993. போகிற அஞ்சலுக்கு 587 அல்லது 465.

"எல்லாத் தரவையும் அழி" என்பது வெறும் மிரட்டல் இல்லை. போன் களவு போனால் நிறுவனத்தின் தகவல் வெளியே போகக்கூடாது என்பதற்காக, எக்ஸ்சேஞ்ச் என்கிற மைக்ரோசொப்டின் நிறுவன அஞ்சல் முறையில் நிர்வாகி தூரத்தில் இருந்தே போனை வெறுமையாக்கலாம். கம்பெனி வாங்கிக் கொடுத்த போன் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. மாணவருக்கு யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அம்மாவின் போனுக்கு அந்த அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய தேவை என்ன? அவுட்லுக் செயலியில் போட்டால், தூரத்தில் இருந்து அழித்தாலும் அவுட்லுக்கிற்குள் இருக்கிற அஞ்சல்தான் போகும். படங்களில் கை வைக்காது.

கடையில் தெரியாமல் அமத்துப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அமைப்புகளுக்குள் பாதுகாப்பு, அதற்குள் சாதன நிர்வாகி செயலிகள் என்ற பட்டியலைப் பாருங்கள். மின்னஞ்சல் செயலிக்கு நேரே குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். மறுகா அந்தச் செயலியில் அரைகுறையாகக் கிடக்கிற கம்பஸ் கணக்கையும் நீக்குங்கள்.

செங்கலடித் தம்பிக்கும் ஒரு சொல். பொப் அஞ்சலைப் போனுக்கு இறக்கிவிடும், அமைப்பைப் பொறுத்துச் சேவரில் இருப்பதை அழித்தும்விடும். பிறகு கம்பஸ் கணினியில் பார்த்தால் பெட்டி வெறுமையாகக் கிடக்கும். வெளி முகவரிக்குத் தானாக ஃபோவேர்ட் ஆவதை மைக்ரோசொப்ட் நிறுவனக் கணக்குகளில் வழக்கமாகவே தடுத்து வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்தாலும், பிள்ளை பதில் எழுதினால் சொந்த ஜிமெயில் முகவரியில் இருந்து போகும். ஒப்படை அனுப்பியது தன் மாணவிதானா என்று விரிவுரையாளருக்கு எப்படித் தெரியும்?

செங்கலடி

ஓம் டீச்சர், ஃபோவேர்ட் தடுக்கப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தங்கச்சி, டீச்சர் சொன்னபடியே செய்யுங்கள்.

ஆரையம்பதிப் பிள்ளை

டீச்சர், மிச்சம் நன்றி. முதலில் அப்பாவின் குரல் பதிவுகளை டிரைவில் போட்டேன். ஒன்றைத் திறந்து அம்மாவும் நானும் கேட்டுப் பார்த்தோம், தெளிவாகக் கேட்கிறது. படங்களும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

பாஸ்வேர்ட் மாற்றிவிட்டேன். எங்களுக்கு மைக்ரோசொப்ட் பக்கம்தான் வருகிறது. அவுட்லுக் போட்டதும் கம்பஸ் இலச்சினையோடு பக்கம் வந்தது, உள்ளே போய்விட்டேன். சாதன நிர்வாகி பற்றி எதுவும் கேட்கவில்லை. பட்டியலிலும் பார்த்தேன், குறி இல்லை.

இப்போது இரண்டு விஷயம். ஒன்று, அவுட்லுக்கைத் திறந்தால்தான் புது அஞ்சல் தெரிகிறது. தானாக அறிவிப்பு வருவதில்லை. நேற்று ஆய்வுகூட நேரம் மாறின அஞ்சலை இரவில்தான் கண்டேன். இரண்டாவது, பாதுகாப்புக்குப் போன் இலக்கம் கேட்டபோது அம்மாவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அது பரவாயில்லையா?

அக்கரைப்பற்று நாநா

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இப்போது ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பார்க்கிறேன். எங்களிடம் வருகிற முறைப்பாட்டில் பெரிய பங்கு இதுதான்.

காரணம் இரண்டு. முதலாவது அவுட்லுக்கிற்குள்ளேயே இருக்கிறது. அது வருகிற அஞ்சலை முக்கியமானது, மற்றவை என்று தானே இரண்டாகப் பிரிக்கும். பிரித்துவிட்டு முக்கியமானதற்கு மட்டும் மணி அடிக்கும். பீடத்தில் இருந்து எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்புகிற அறிவித்தல் பல நேரம் மற்றவைக்குள் விழும். உங்கள் ஆய்வுகூட அஞ்சல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். அவுட்லுக் அமைப்பில் அந்தப் பிரிப்பையே நிறுத்திவிட்டால் எல்லாம் ஒரே பெட்டியில் வரும்.

இரண்டாவது போன். சாம்சங் போன் பற்றரியை மிச்சம்பிடிக்க, அடிக்கடி திறக்காத செயலிகளை உறங்கவைத்துவிடும். அமைப்புகளில் பற்றரிக்குள் பின்னணிப் பயன்பாட்டு வரம்பு என்று இருக்கும், அதற்குள் ஒருபோதும் உறங்காத செயலிகள் என்ற பட்டியலில் அவுட்லுக்கைச் சேருங்கள். ரெட்மி வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், உங்களுக்கு அது தானியங்கித் தொடக்கம் என்ற இடத்தில் இருக்கும். டேட்டா சேமிப்பான் போட்டிருந்தால் அதிலும் அவுட்லுக்குக்கு விலக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, உங்கள் வளாகத்தில் வைஃபை பட்டியலில் எடுரோம் என்ற பெயர் தெரிந்தால் டேட்டாவை வீணாக்காதீர்கள். இலங்கையில் அதை லேர்ன் என்கிற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு நடத்துகிறது. கம்பஸ் கணக்கிலேயே உள்ளே போகலாம். பயனர்பெயர் கேட்கிற இடத்தில் அட் குறிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து முழுமையாக அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் இணையவில்லை என்பார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் போட்டுவைத்தால், எடுரோம் உள்ள வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாகப் பிடிக்கும்.

ஆரையம்பதிப் பிள்ளை

நாநா, அந்த அஞ்சல் "மற்றவை"க்குள்தான் இருந்தது! அதற்குக் கீழே நூலக அட்டைக்குப் படம் கேட்ட அஞ்சலும் கிடக்கிறது. பிரிப்பை நிறுத்திவிட்டேன். பற்றரிப் பட்டியலிலும் சேர்த்தேன். தோழியை ஒன்று அனுப்பச் சொன்னேன், திரை அணைந்து கிடக்கும்போதே சத்தம் வந்தது. எடுரோமைத் திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

கல்லடி டீச்சர்

நல்லது மகள். இலக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அம்மாவின் இலக்கம் இருக்கட்டும், போன் ஒன்றுதானே. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு சிம் எடுத்த அன்றே அந்த இலக்கத்தையும் கணக்கில் சேருங்கள். கம்பஸ் அனுமதித்தால், உள்நுழையும்போது கேட்கிற கோட்டைத் தருகிற மைக்ரோசொப்ட் ஒதென்டிகேற்றர் செயலியையும் சேர்த்துவைக்கலாம். அதில் மாறிக்கொண்டிருக்கும் ஆறு இலக்கக் கோட் டேட்டா இல்லாவிட்டாலும் சிக்னல் இல்லாவிட்டாலும் வரும். மாரியில் வெள்ளம் வந்து டவர் விழுந்தால் எஸ்எம்எஸ்ஸை நம்பியிருக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். போனின் நேரம் மட்டும் தானியங்கியில் இருக்க வேண்டும், நேரம் பிசகினால் கோட்டும் பிழைக்கும்.

இதே காரணத்தால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். அஞ்சலோடு வருகிற விரிவுரைக் குறிப்பு, நேர அட்டவணை எதையும் டேட்டா இருக்கும்போதே திறந்து போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அஞ்சலின் எழுத்து நெட் இல்லாமலும் தெரியும். அதோடு வந்த கோப்பைத் திறக்காமல் விட்டிருந்தால் அநேகமாக அது வராது.

அம்மாவும் தம்பியும் எடுக்கிற போன் என்பதால் பூட்டுத்திரையில் அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைத்துவையுங்கள். அஞ்சல் வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும்.

பிறகு உங்களுக்கென்று புதுப் போன் வாங்கும்போது, பழைய போனில் இருந்து கணக்கை உடனே நீக்கிவிடாதீர்கள். புதுப் போனில் அவுட்லுக்கும் ஒதென்டிகேற்றரும் வேலை செய்வதை ஒரு முறை வெளியேறி உள்நுழைந்து பார்த்த பிறகுதான் பழையதில் நீக்க வேண்டும். அவசரத்தில் பழையதை முதலில் அழித்துவிட்டு, கோட் வர வழியில்லாமல் கணினி மையத்து வாசலில் காத்துக்கிடக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். பழையதில் நீக்கும்போது அவுட்லுக்கில் இருக்கிற கணக்கை மட்டும் நீக்கினால் போதும். முழுப் போனையும் மீளமைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், அது அம்மாவின் போன்.