ராயல் ஓக் மாதிரி ஒரு வாட்ச்: டயலில் மாட்டிக்கொண்டேன், பெங்களூரு நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். அல்சூரில் இருக்கிறேன். சுவிஸ் வாட்ச் கம்பெனி ஓடெமார் பிகே 1972-இல் கொண்டுவந்த ராயல் ஓக் வாட்ச் மாதிரி ஒன்றை என் கைக்கென்று செய்துகொண்டிருக்கிறேன். விற்க இல்லை, டயலில் அவர்கள் பெயரும் வராது.

எண்கோண பெசலை (டயலைச் சுற்றி மேலே வரும் வளையம்) பீன்யாவில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்கிவிட்டேன். அசலில் பெசல்மேல் இருக்கும் எட்டுத் திருகுகளின் தலைக் கீறல்களும் வட்டத்தோடு ஒரே ஒழுங்கில் நிற்கும். அறுகோணத் தலை குழிக்குள் உட்கார்ந்துவிடுவதால் திரும்பாது, முடுக்குவது பின்பக்கம். இது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு மாதம்!

உள்ளே வாட்சை ஓட்டும் இயந்திரம் செய்கோ என்ஹெச்35 மூவ்மென்ட், அதில் தொல்லை இல்லை. தகராறு டயலில்தான். 28.5 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் ராயல் ஓக் டயலில் வரும் அந்தக் குட்டிச் சதுரங்களை சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) வெட்டினால் ஓரமெல்லாம் பிசிறு. சரி என்று தேய்த்தால் சதுரமே மழுங்கி, கரைந்த சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று தகடு போச்சு.

எந்த அளவு கட்டர், என்ன வேகம்? லேசரில் எடுபடுமா? அப்புறம், இங்கே ஹெச்எம்டி வாட்ச் ஃபேக்டரியில் டயல் பிரிவில் இருந்த பெரியவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தகட்டோடு நேரில் வந்துவிடுகிறேன்.