தறியில் நிற்காதவர் தொழிலாளர் தலைவரா?

ஆலைச்சங்கு: வக்கீலும் டாக்டரும் தலைவர்களாக வந்ததால்தான் தொழிற்சங்க இயக்கம் தேய்ந்தது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவர் பி.பி.வாடியா, பிரம்மஞான சபைக்காரர். துணைத்தலைவர் திரு.வி.க., ஆசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்தவர். இவர்கள் வராவிட்டால் தேய்வதற்கு இயக்கம் ஏது?

கடைசல்காரன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். வாடியா ஒரு நாளாவது தறியில் நின்றாரா?

ஆலைச்சங்கு: நிற்கவில்லை. அதனால்தான் பின்னி நிர்வாகத்தால் அவருக்குச் சீட்டுக் கிழிக்க முடியவில்லை, 1920-ல் உயர்நீதிமன்றத் தடையாணைக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த வழக்கைப் பார்த்துத்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி, சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்டு 1921-ல் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

முத்துநகர்: எல்லாம் பெரம்பூரில்தான் தொடங்கியதா? 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கித் தந்தவர் வ.உ.சி. சென்னைக்காரர்களுக்கு அது மட்டும் ஞாபகத்துக்கு வராது.

கடைசல்காரன்: வ.உ.சி.யும் வக்கீல்தானே. போலந்தைப் பாருங்கள்: சாலிடாரிட்டி தொழிற்சங்கத் தலைவர் வலேசா கப்பல் தளத்து எலெக்ட்ரீசியன். தொழிற்சங்கத் தலைவராக இருந்து பிரேசிலின் அதிபரான லூலா கடைசல் தொழிலாளி. தலைவன் என்றால் அப்படி. வாடியா தறியில் நின்றாரா, அதற்குப் பதில்?

ஆலைச்சங்கு: பதில் சொல்லியாயிற்று. வலேசாவை 1976-லேயே வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். 1980 வேலைநிறுத்தத்தன்று அவரும் வெளியாள்தான். 2025 வரை நடப்பில் இருந்த நம் 1926 சட்டத்தில் இன்னும் மோசம். 2001 திருத்தத்தின்படி, அமைப்புசார்ந்த துறையில் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அவ்வளவுதான் வெளியாட்கள், அதாவது அந்தத் தொழிலில் வேலை செய்யாதவர்கள். 21 பேர் குழுவில் முன்பு 10 பேர் வரலாம், திருத்தத்துக்குப் பின் 5. ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் போனவரும் வெளியாள் கணக்கில் வரவில்லை. டிஸ்மிஸ் ஆனவருக்கு அந்த விலக்கு எழுதப்படவில்லை. துடிப்பான செயலாளரை ஒரு விசாரணை நடத்தி நீக்கினால் அவரும் அந்த 5-க்குள் இடம் தேட வேண்டியிருந்தது. அதேபோல் 2025 வரை இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தில், முன் அனுமதியில்லாமல் நீக்க முடியாத ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளி’ என்று தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர் என வைத்தார்கள். அதுவும் தகராறு நிலுவையில் இருக்கும்வரைதான். நடவடிக்கை முடிந்த மறுநாள் சார்ஜ் மெமோ வரும். இதையெல்லாம் உள்ளே இருப்பவர் மட்டும் தாங்கட்டும் என்கிறீர்களா?

கடைசல்காரன்: சட்டப் பாடம் போதும் ஐயா. 1982 பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தம்? அதை நடத்தியவர் டாக்டர் தத்தா சாமந்த். ஆலைகளே போயின.

ஆலைச்சங்கு: அரைகுறையாகச் சொல்லாதீர்கள். 1946 பம்பாய்த் தொழில் உறவுச் சட்டப்படி நிர்வாகத்தோடு பேசும் உரிமை அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கத்துக்குத்தான், அது சாமந்த்தின் சங்கம் இல்லை. தொழிலாளி முழுக்க அவர் பின்னால் நின்றும் அவரால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை. குற்றம் டாக்டர் பட்டத்திலா இருக்கிறது?

முத்துநகர்: பம்பாய் வரை போயாயிற்று. கோரல் ஆலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசல்காரன்: பத்து வரிக்குப் பத்து வரி எழுதுகிறார், தறிக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆலைச்சங்கு: சங்கத்தைத் தொடங்க முன்நின்ற செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும்கூட வணிகர்கள்தான், தறிக்காரர்கள் இல்லை. அவர்களே தேடிப்போய் அழைத்து வந்தவர் வாடியா. அழைத்தவர்களையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

கடைசல்காரன்: தள்ளத்தான் சொல்கிறேன். நின்றாரா, இல்லையா?