சைடு ப்ராஜெக்டா, ஓப்பன் சோர்ஸா: அடுத்த வேலைக்கு எது கைகொடுக்கும்?

கேள்வி:
பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலையில் இருக்கிறேன். வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கலாம். சொந்த ப்ராஜெக்டில் போடுவதா, ஓப்பன் சோர்ஸில் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய பொது மென்பொருளில்) பங்களிப்பதா? பழைய சக ஊழியர்களிடம் ரெஃபரல் (வேலைக்குப் பரிந்துரை) கேட்பது எப்படி?

பதில் 1:
4 மணி நேரம்தான் என்றால் ஓப்பன் சோர்ஸ். சொந்த ப்ராஜெக்டில் கோடு (நிரல்) மட்டும்தான் வளரும். ஓப்பன் சோர்ஸில் உங்கள் கோடைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆட்களும் கிடைப்பார்கள்.

வேலையில் தினமும் பயன்படுத்தும் லைப்ரரியையே (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடுத் தொகுப்பு) எடுங்கள். இன்னும் தீராத ஒரு பக்கை (பிழையை) உங்கள் கணினியில் வரவழைத்துப் பார்த்து, எந்த வெர்ஷனில், எந்த இன்புட்டுக்கு வருகிறது என்று இஷ்யூவில் (அந்தப் பிழைக்கான பதிவில்) எழுதுங்கள். அடுத்து, அதைக் காட்டும் ஒரு டெஸ்ட். பிறகுதான் திருத்தம். ஒரு புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில்) ஒரே மாற்றம். ஃபார்மேட்டிங்கையும் சேர்த்து 400 வரி அனுப்பினால் கிடப்பில்தான் கிடக்கும்; பராமரிப்பவர்களில் பலரும் வேலை முடிந்த பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். ரிவ்யூவில் நாலைந்து முறை பேசிப் பழகியவரால்தான் நாளைக்கு உங்கள் வேலையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். ப்ராஜெக்டுக்குப் பிறர் போடும் ஸ்டார் (விருப்பக் குறி) எண்ணிக்கைக்கு அந்த மதிப்பு கிடையாது.

பதில் 2:
அதற்கு முன் வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவை வாசியுங்கள். அலுவலக லேப்டாப்பில் எழுதியதும், நிறுவனத்தின் தொழிலோடு ஒட்டியதும் அவர்களுக்கே சொந்தம் என்று இருக்கலாம். சந்தேகமென்றால் அனுமதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது. கிட்டில் (Git, கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்த மாற்றத்திலும்) அது பதியும்.

சொந்த ரெப்போவில் (கோடு வைத்திருக்கும் இடத்தில்) லைசென்ஸ் கோப்பு இல்லாவிட்டால் அந்தக் கோடைத் தங்கள் ப்ராஜெக்டில் சேர்க்கப் பிறருக்கு உரிமை இல்லை. ஏபிஐ கீ (ஒரு சேவையை அணுகும் ரகசியச் சாவி) தவறி கமிட் ஆகிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது பயன்படாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். முதலில் கீயை ரத்து செய்யுங்கள்.

பதில் 3:
ரெஃபரல் பற்றி: “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்றால் தேடும் பாரம் அவர் தலையில். விளம்பரத்தின் லிங்க், ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி, சேர்ந்து செய்த ஒரு வேலையின் பெயர், ரெஸ்யூமே பிடிஎஃப். இவ்வளவையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். சேர்ந்து வேலை செய்யாதவரிடம் ரெஃபரல் கேட்காதீர்கள். அவரிடம் அந்த டீமில் என்ன நடக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள்.

நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். வேலைத் தகவல் எப்போதாவது சந்திப்பவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். நமக்குத் தெரிந்ததுதான் நெருங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வருடம் பேசாத பழைய டீம் ஆளுக்கும் தயங்காமல் எழுதுங்கள்.