சஃபாரிக்கு மட்டும் தனியாக சிஎஸ்எஸ் எழுதலாமா?

அரைப்புள்ளி:
யாரோ எழுதிய பழைய தளம் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. ஸ்டைல்ஷீட்டை (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) திறந்தால் பாதிக்குப் பாதி ஹேக்தான் (குறிப்பிட்ட பிரவுசருக்கு மட்டும் எடுபடும் தந்திர வரி), நட்சத்திரம் போட்ட வரி, அண்டர்ஸ்கோர் போட்ட வரி, எது எந்த பிரவுசருக்கு என்று ஒரு கமென்ட்கூடக் கிடையாது. அதை விடுங்கள், இப்போதைய தலைவலி இரண்டு. முகப்புப் பகுதிக்கு உயரம் 100விஎச், அதாவது திரையின் முழு உயரம், கொடுத்திருக்கிறது, ஐபோனில் அடியில் உள்ள பட்டன் டூல்பாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பழைய சஃபாரியில் ஃப்ளெக்ஸ் என்ற வரிசை அமைப்புக்குக் கொடுத்த கேப் (இடைவெளி) எடுபடாமல் கார்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து, சஃபாரி என்றால் பாடியில் ஒரு கிளாஸ் சேர்த்துவிடலாமா?

பழையகை:
வேண்டாம். குரோமின் யூசர் ஏஜென்டிலேயே சஃபாரி என்ற சொல் இருக்கிறது, அதை நம்பி எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும். எந்த பிரவுசர் என்று கேட்காமல், இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

உயரத்துக்கு ஹேக்கே தேவையில்லை. 100விஎச் வரியை அப்படியே விட்டு அதற்கு அடியில் 100எஸ்விஎச் (டூல்பார் விரிந்திருக்கும்போது மிஞ்சும் உயரம்) என்று இன்னொரு வரி எழுதுங்கள். புரியாத மதிப்பை பிரவுசர் கண்டுகொள்ளாது, மேல் வரியே நிற்கும். சஃபாரி 15.4 முதல் இது உண்டு. டிவிஎச் என்றும் ஒன்று இருக்கிறது, ஆனால் டூல்பார் சுருங்கும்போது உயரமும் கூடவே மாறிப் பக்கம் குதிக்கும். கேப்புக்கு @சப்போர்ட்ஸ் (வசதி இருந்தால் மட்டும் உள்ளிருக்கும் வரிகளைப் பொருத்தும் விதி) போடுங்கள்.

அரைப்புள்ளி:
முதலாவது சரியாகிவிட்டது, நன்றி! கேப்தான் மசியவில்லை. மார்ஜினைப் (கார்டைச் சுற்றி விடும் வெளி) பொதுவாக வைத்து, @சப்போர்ட்ஸுக்குள் கேப் இருந்தால் மார்ஜினை எடுத்துவிடு என்று எழுதினேன். சஃபாரி 13-இல் மார்ஜினும் போய், கேப்பும் வராமல், நடுவில் நிற்கிறது.

முக்காற்புள்ளி:
அது எல்லோரும் விழும் பள்ளம். கிரிட் என்ற கட்ட அமைப்பில் கேப் சஃபாரி 12-இலேயே வந்துவிட்டது, ஃப்ளெக்ஸில் 14.1-இல்தான். @சப்போர்ட்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, பெயரும் மதிப்பும் புரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதற்குப் பதில் இன்செட்: 0 (நான்கு பக்க விலகலையும் ஒரே வரியில் சொல்வது) இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் அதே 14.1-இல் வந்தது, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஃப்ளெக்ஸ் கேப்புக்குப் பிறகு வந்தது, அதனால் இன்செட் இருக்கும் இடத்தில் கேப்பும் இருக்கும். அழகான வழி இல்லைதான், ஏன் இப்படி எழுதினோம் என்று பக்கத்திலேயே கமென்ட் போட்டுவிடுங்கள்.

பழையகை:
அட, நான்தான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

அந்த நட்சத்திரமும் அண்டர்ஸ்கோரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்துச் சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். சஃபாரியின் இன்ஜின் பெயரான வெப்கிட் முன்னொட்டாக வரும் வரிகளில் மட்டும் கை வைக்கும்முன் பாருங்கள். வெப்கிட் லைன்-கிளாம்ப் (இத்தனை வரிக்கு மேல் காட்டாதே என்பது) மாதிரி சிலவற்றை ஃபயர்ஃபாக்ஸே அந்தப் பெயரில்தான் ஏற்றுக்கொள்கிறது.

அரைப்புள்ளி:
இன்செட் வேலை செய்கிறது. லைன்-கிளாம்ப்பை நேற்றே அழித்துவிட்டேன், திரும்பப் போட்டுவிட்டு வருகிறேன்.